கௌபாயின் இடுப்பில் பெல்ட் எப்போது வந்தது?

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கௌபாய் படம் ஓடும்போது சிலர் துப்பாக்கியைப் பார்ப்பார்கள், சிலர் குதிரையைப் பார்ப்பார்கள். தையல் இயந்திரத்தின் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கோ, கண் முதலில் கதாநாயகனின் இடுப்புக்குத்தான் போகும். அவருடைய கால்சட்டையில் பெல்ட் நுழைக்கும் லூப் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துவிட்டால், உடையமைப்பாளர் எவ்வளவு தூரம் பழைய காலத்துக்குள் போய்வந்திருக்கிறார் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டுவிடும்.

செம்பு ரிவெட் அடித்த கால்சட்டைக்கு ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வணிகரும் காப்புரிமை பெற்றது 1873ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி. அந்தக் கால்சட்டையில் லூப் கிடையாது. தோளில் மாட்டும் சஸ்பெண்டருக்கான பித்தான்கள் இடுப்புப் பட்டியைச் சுற்றி இருக்கும். முதுகுப் பக்கம் இழுத்து இறுக்கிக்கொள்ள ஒரு சிறிய வாரும் கொக்கியும் இருக்கும். லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற 501 ஜீன்ஸ் ரகத்தில் லூப் வந்தது 1922இல்தான்.

ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' 1939இல் வெளிவந்தது. உடையமைப்பு வால்டர் பிளங்கெட். அதில் இளைஞராக வரும் ஜான் வெய்னின் தோளில் சஸ்பெண்டர் இருக்கிறது, அதாவது கணக்குச் சரியாக இருக்கிறது. அதே வெய்ன் இருபது ஆண்டுகள் கழித்து 'ரியோ பிராவோ'வில் ஷெரீஃபாக வரும்போது, இடுப்பில் பெரிய பக்கிள் வைத்த பெல்ட் மின்னுகிறது. அந்தப் பக்கிள், 1948இல் வந்த 'ரெட் ரிவர்' என்ற படத்தில் நடித்ததன் நினைவாகச் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு டெக்சாஸில் நடக்கும் கதையில், ஷெரீஃப் ஒரு சினிமாவின் ஞாபகப் பொருளை அணிந்துகொண்டு காவல் காக்கிறார்! பிழைதான், ஆனாலும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலிருந்து அந்தப் பிழை என்னை ஒருநாளும் தடுத்ததில்லை.

தொப்பியிலும் இதே கதைதான். ஜான் ஸ்டெட்சன் 1865இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தொப்பி, மேலே மடிப்பில்லாத உருண்டைத் தலையும் சுற்றிலும் தட்டையான விளிம்பும் கொண்டது. சினிமா விளிம்பை இருபுறமும் வளைத்துவிட்டது. பட்ச் காசிடியும் அவருடைய கூட்டாளிகளுமாக ஐந்து கொள்ளையர்கள் 1900இல் ஃபோர்ட் வொர்த் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தைப் பார்த்தால், ஐந்து பேரும் கோட்டும், உருண்டைத் தலையும் குறுகிய விளிம்பும் கொண்ட பவுலர் தொப்பியுமாக வங்கி அதிகாரிகளைப் போல உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். 1969இல் காசிடியைப் பற்றி வந்த படத்தில், காசிடியாக நடித்த பால் நியூமன் சைக்கிள் ஓட்டும் காட்சியில் பவுலர் அணிந்து வருவது எனக்கு இதனால்தான் பிடிக்கும்.

கழுத்தில் கட்டும் பண்டானாவைப் பற்றி இடையில் ஒரு சொல். அந்தப் பெயர் கட்டுதல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனது; நம் மதுரைச் சுங்குடியைப் போல, துணியை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றும் முறையைக் குறித்தது.

சாயம் என்றதும் 'டூம்ஸ்டோன்' நினைவுக்கு வருகிறது. 1881இல் அரிசோனாவில் நடக்கும் கதை. படம் வந்தது 1993இல். அதில் வரும் பளிச்சென்ற உடுப்புகளைப் பார்த்து, புழுதி ஊரில் இத்தனை நிறமா என்று கேட்பவர்கள் உண்டு. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் மலிவாகவே கிடைக்கத் தொடங்கிவிட்டன. பழைய புகைப்படங்கள் பழுப்பாக இருப்பதால் அந்தக் காலமே பழுப்பாக இருந்தது என்று நாம்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ராபர்ட் ஆல்ட்மன் 1971இல் எடுத்த 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' வேறொரு வழியில் போனது. பனி பெய்யும் சுரங்க ஊரின் மக்களாக நடித்தவர்களிடம் பழைய உடைகளைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்ன ஆல்ட்மன், ஊசியும் நூலும் கொடுத்து அவற்றின் கிழிசல்களை அவர்களையே தைத்துக்கொள்ளவும் சொன்னார். தொழில்காரன் தைத்தால் ஒட்டு தெரியாது. குளிருக்குப் பயந்து தானே தைத்துக்கொண்டவனின் தையலோ கோணலாக, ஆனால் இறுக்கமாக இருக்கும். அந்தப் படத்தின் கூட்டத்தைப் பார்க்கையில் எனக்கு அந்தக் கோணல்தான் தெரிகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த உடை எது என்று கேட்டால், காலக்கணக்கில் அதிகம் சிக்காத ஒன்றைத்தான் சொல்வேன்: கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் போஞ்சோ, அதாவது நடுவில் தலை நுழையத் திறப்பு வைத்த போர்வை. செர்ஜியோ லியோனே 1964 முதல் 1966 வரை எடுத்த மூன்று படங்களுக்கும் உடையும் அரங்கமும் அமைத்தவர் கார்லோ சிமி. வெயில் கொளுத்தும் ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியில் நின்றுகொண்டு, அந்தத் தடித்த துணியை ஈஸ்ட்வுட் போர்த்திக்கொண்டார்.

மூன்றாவது படத்தின் பெரும்பகுதியில் அவருக்குப் போஞ்சோ கிடையாது, நீண்ட கோட்டுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, இடிந்த கட்டடம் ஒன்றுக்குள் நடுங்கிக் கிடக்கும் இளம் வீரனைப் பார்க்கிறார். கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறார். தன் சுருட்டை அவன் உதட்டில் வைத்து இழுக்க விடுகிறார். அவன் உயிர் அடங்கியதும், அங்கே கிடந்த போஞ்சோவை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டு வெளியே நடக்கிறார். கோட்டு அந்தப் பையனிடமே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.