கிருமியின் ஜீனோம் ஆய்வு தொடங்கும் இடம்

அவையோருக்கு வணக்கம்.

நோய்க்கிருமிகளின் ஜீனோம், அதாவது அவற்றின் முழு டி.என்.ஏ. தொகுப்பு, பற்றிய ஆராய்ச்சி என்றதும் பலருக்கும் அதை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. கால்நடை நோய்க்குறியியலில் அந்த வேலை பிரேதப் பரிசோதனை மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. எந்தத் திசுவை வெட்டினோம், எதில் போட்டோம், எவ்வளவு நேரம் வெளியில் கிடந்தது என்பவை பின்னால் கணினி தரும் விடையையும் தீர்மானிக்கின்றன.

1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சேயின் ஜீனோம் முழுமையாக வெளிவந்தது. தனித்து வாழும் உயிரி ஒன்றின் முதல் முழு ஜீனோம் அதுதான். கால்நடைக் கிருமிகளின் முறையும் விரைவில் வந்தது. கோழிக் காலராவை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா 2001-இல், மாட்டுக் காசநோயின் மைக்கோபாக்டீரியம் போவிஸ் 2003-இல், மாட்டின் குடலைத் தாக்கும் ஜோனீஸ் நோயின் பாராடியூபர்குளோசிஸ் 2005-இல். இந்தக் கடைசிக் கிருமியைப் பற்றித்தான் விரிவாகப் பேசப் போகிறேன். இத்துறையின் தொல்லைகள் பெரும்பாலும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

கன்றுப் பருவத்தில் தொற்றி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்து வயிற்றுப்போக்கும் மெலிவுமாக வெளிப்படும் நோய் இது. சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, உட்சுவர் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அந்த இடத்திலும் அதையொட்டிய நிணநீர்க் கணுவிலும் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி, தன் கன அளவைப் போல் பத்து மடங்கு 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போகட்டும்; தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுப்பகுதி அழுகிவிடும். மறு பாதியைச் சுத்தமான குப்பியில் உடனே குளிரூட்டி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டுப் பிறகு ஜீனோம் கேட்பது பலரும் செய்யும் தவறு. ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்குகிறது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினை, இயந்திரம் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கும்படி மாற்றியும் விடுகிறது. இல்லாத மரபுமாற்றம் இருப்பதாகத் தோன்றும்.

திசுவிலிருந்தே நேராக வரிசைப்படுத்தலாமே என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு மாட்டு உயிரணுவில் சுமார் 540 கோடி எழுத்துகள். இந்தக் கிருமியில் 48.3 லட்சம். ஒரே ஒரு மாட்டு உயிரணுவின் டி.என்.ஏ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளுடையதற்குச் சமம். கிருமியைத் தனியே பிரித்தெடுக்கும் உத்தி இல்லாமல் போனால், மாட்டின் ஜீனோமைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

எனவே வளர்க்கத்தான் வேண்டியிருக்கிறது. முட்டைக்கரு ஊடகத்தில், 37 டிகிரியில், 16 வாரம் வரைகூட. மைக்கோபாக்டின் சேர்க்காவிட்டால் வளராது. இரும்பைப் பற்றியிழுக்கும் அந்தப் பொருளை இக்கிருமியால் தானே போதிய அளவு செய்துகொள்ள முடிவதில்லை. 2005-இல் வந்த ஜீனோமில், அதைத் தயாரிக்கும் மரபணுக்களில் ஒன்றான எம்.பி.டி.ஏ. குட்டையாகிக் கிடப்பது தெரிந்தது. காரணம் அதுவாக இருக்கலாம்.

வளர்ந்த பிறகு அடுத்த தடை மெழுகு போன்ற உயிரணுச் சுவர். முதலில் சூட்டில் கிருமியைக் கொல்ல வேண்டும். இவை கட்டியாக ஒட்டிக்கொள்வதால் நடுவில் உள்ளவை தப்பலாம். மறுவளர்ப்பு செய்து, அதாவது புது ஊடகத்தில் மீண்டும் வளர்கிறதா என்று பார்க்காமல் பாதுகாப்புப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பிறகு சுவரைக் கரைக்கும் நொதியான லைசோசைமில் ஓர் இரவு, அடுத்து சோப்புக் கரைசலும் புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே-யும், சர்க்கரைப் பொருள்களை நீக்க 65 டிகிரியில் சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருள், இறுதியாக 24-க்கு 1 என்ற குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் கலவை. மணிகளோடு குலுக்கி உடைப்பது வேகமான வழிதான், ஆனால் டி.என்.ஏ. நொறுங்கும். நீண்ட இழைகளைப் படிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அளவைப் புற ஊதா ஒளியில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள், எஞ்சிய ஆர்.என்.ஏ.வும் அதில் சேர்ந்துவிடும். ஒளிர்சாயக் கருவியே சரியானது.

இந்த ஜீனோமில் 69 சதவீதம் குவானினும் சைட்டோசினும். டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாக்கும் பி.சி.ஆர். பெருக்கத்தில் அத்தகைய பகுதிகள் பின்தங்கும். முடிந்தால் பெருக்கமே இல்லாத முறையில் தயாரியுங்கள். 50 மடங்கு ஆழம், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 50 முறை படிப்பது, வேண்டுமென்றால் இயந்திரம் ஒரு தடவையில் படிக்கும் 150 எழுத்து நீளத் துண்டுகளான வாசிப்புகள் ஏறத்தாழ 16 லட்சம் தேவை. சராசரியைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். எந்தெந்த இடங்கள் பத்து மடங்குக்கும் கீழே இருக்கின்றன என்று தேடுங்கள். ஐ.எஸ்.900 என்ற துண்டு இதில் 17 முறை வருகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,450 எழுத்து. குறுகிய வாசிப்பு எந்தப் பிரதிக்கு உரியது என்று சொல்லவே முடியாது. அந்த இடங்களைக் கணக்கிலிருந்து விலக்காவிட்டால் போலி வேறுபாடுகள் குவியும். பாக்டீரியாவுக்கு ஜீனோம் ஒற்றைப் பிரதிதான். ஆகவே பல இடங்களில் 60-க்கு 40 என்று இரண்டு எழுத்துகள் வந்தால், இரண்டு வகைகள் கலந்திருக்கின்றன, அல்லது குப்பி மாசுபட்டிருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கிருமி மாறுவது மிக மெதுவாக; ஆண்டுக்கு ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. இரண்டு பண்ணைக் கிருமிகளிடையே இரண்டே வேறுபாடுகள் என்றால் அவை நெருங்கியவை என்று சொல்லலாம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்ல முடியாது. அதற்கு மாடுகள் கைமாறிய பதிவேடு வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு? மாட்டுக் காசநோயைப் பாருங்கள். அதன் கிருமி 1908 முதல் 1921 வரை 230 முறை மறுவளர்ப்பு செய்யப்பட்டு உருவானது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி. அதைப் போட்ட மாடு வழக்கமான டியூபர்குலின் என்ற தோல் சோதனையில் நோயுள்ளது போலவே காட்டக்கூடும். ஜீனோம் ஒப்பீட்டில் பி.சி.ஜி.யில் ஆர்.டி.1 என்ற பகுதியே இல்லை என்பது தெரிந்தது. இ.சாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற புரதங்களின் மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது புரதமான ஆர்.வி.3615சி-க்கு மரபணு பி.சி.ஜி.யில் உண்டு, அதை வெளியே சுரக்கும் அமைப்பு மட்டும் போய்விட்டது. தடுப்பூசி மட்டும் போட்ட மாடு இந்த மூன்றுக்கும் எதிர்வினை காட்டாது; அதனால் இவற்றைக் கொண்டு, தடுப்பூசி போட்ட மாட்டையும் நோய் தொற்றிய மாட்டையும் பிரித்தறியும் தோல் சோதனை உருவாக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் களத்திலுள்ள ஏதேனும் ஒரு கிருமி வகை இந்த மரபணுக்களை இழந்திருந்தால், அந்த மாடு சோதனையில் தப்பிவிடும். ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்த கிருமியை வைத்து அதைக் கண்டறிய முடியாது, பி.சி.ஜி. ஆர்.டி.1 பகுதியை இழந்ததே மறுவளர்ப்பில்தான். முதல் வளர்ப்பிலிருந்தே டி.என்.ஏ. எடுங்கள். ஒவ்வொரு ஜீனோமோடும் அது வந்த விலங்கின் எண், நோய்ப்புண் இருந்த உறுப்பு, திசுக்கண்ணாடியின் எண், எத்தனையாவது மறுவளர்ப்பு என்ற நான்கையும் எழுதி வையுங்கள்.