தேதி சரி, அதற்கு அப்புறம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் கிறிஸ்தவ சபைகளில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால், "நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க?", அதாவது எப்போது மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பது வழக்கம். பலர் தேதியே சொல்வார்கள். பழைய குடி, ஒரு நற்செய்திக் கூட்டம், கண்ணீர், அந்தத் தேதி. அதோடு சாட்சி முடிந்துவிடும். சரி, அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று? வியாபாரம் எப்படி நடக்கிறது, வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த அப்புறத்தில்தான் அக்கறை.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரை இதற்காகவே எனக்குப் பிடிக்கும். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். அடிமை வியாபாரி, புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், பாட்டு எழுதினார். பிரசங்கங்களில் இப்படித்தான் கேட்டிருப்பீர்கள். நடந்தது அவ்வளவு சுருக்கமாக இல்லை.

புயல் உண்மைதான். 1748 மார்ச் மாதம், அட்லாண்டிக் கடலில் கிரேஹவுண்ட் என்ற கப்பல். பக்கப் பலகைகள் உடைந்து தண்ணீர் உள்ளே வருகிறது. இறைத்து இறைத்துக் கை ஓய்ந்த நேரத்தில், கடவுளைக் கேலி பேசியே பழகிய அந்த வாயிலிருந்து "கர்த்தர் நம்மேல் இரங்கட்டும்" என்ற வார்த்தை வந்துவிட்டது. கப்பல் எப்படியோ அயர்லாந்துக் கரையைச் சேர்ந்தது. அந்த நாளை அவர் வாழ்நாள் முழுக்க வருஷந்தோறும் நினைவுகூர்ந்தார். பாருங்கள், அவரிடமும் ஒரு தேதி இருந்தது.

இப்போது அப்புறத்துக்கு வருவோம். புயலுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1750-ல், அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவர் ஆனார். நன்றாகக் கேளுங்கள், மனந்திரும்பிய பிறகு. தலைவராக மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1752 டிசம்பரில், கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணிக் கருவியில் வைத்து இறுக்கி விசாரித்ததை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒளித்து எழுதவில்லை. அது தவறு என்று தோன்றினால்தானே ஒளிப்பதற்கு!

1754-ல் அந்தத் தொழிலை விட்டார். மனசாட்சி உறுத்தி அல்ல, திடீரென்று வலிப்பு மாதிரி ஒன்று வந்தது, கடலுக்குப் போக முடியவில்லை. சிறைக்காவலன் வேலை மாதிரி இருக்கிறதே, வேறு பிழைப்புக் கொடும் என்று ஜெபித்ததுண்டாம். ஆனால் தொழில் நியாயமானதா என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் துளியும் வந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

1764-ல் ஓல்னி என்ற ஊரில் போதகர் ஆகிறார். சரிகைப் பின்னல் வேலை செய்து பிழைக்கும் ஏழைகள் நிறைந்த சபை. அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அப்போதும் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எதுவும் எழுதவில்லை. 1788-ல்தான் எழுதினார். ஒரு சிறு நூல். என் நெஞ்சு நடுங்கும் தொழிலில் நானும் கருவியாய் இருந்தேன், இதை அறிக்கையிட்டு வெட்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், செய்த கேட்டைச் சரிசெய்ய இது காலம் கடந்தது என்ற பொருளில் எழுதினார். பாராளுமன்றக் குழுவிடமும் கண்டதைச் சொன்னார். புயலிலிருந்து கணக்குப் போடுங்கள், நாற்பது வருஷம்.

இதைச் சொன்னால், அப்படியானால் புயலில் நடந்தது பொய்யா என்று சிலர் கேட்கிறார்கள். பொய் இல்லை. கெட்ட வார்த்தை உடனே போயிற்று, குடி போயிற்று, வேதம் படித்தார். சுற்றியிருந்தவர்கள் பாவம் என்று சொன்னதெல்லாம் சீக்கிரம் போய்விட்டது. அவர்கள் கௌரவமான தொழில் என்று சொன்னது மட்டும் அப்படியே நின்றது. அதைத் தொட மற்றவர்களின் குரலும் வேண்டியிருந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1783-லேயே இந்த வியாபாரத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்துவிட்டார்கள். தனியறை ஜெபம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் பக்கம் கல்யாண விளம்பரங்களில் 'இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை' என்று போட்டு, அடுத்த வரியிலேயே சாதிப் பெயரைப் போடுகிறோமே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நியூட்டனின் ஞாயிறு ஆராதனைதான் ஞாபகம் வரும்.

பின்னாளில் அடிமை வியாபாரத் தடைக்காகப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ், 1785-ல் இளம் எம்.பி.யாக நியூட்டனைத் தேடி வந்தது, அரசியலை விட்டுவிடட்டுமா என்று கேட்டது, விடாதே என்று இவர் சொன்னது, இதையெல்லாம் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். 1807-ல் பிரிட்டனில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது, அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் காலமானார். இது மட்டும் போதும்.

இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவர் சகேயுவைப் பற்றியும் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். பைபிளில் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தின்படி, தவறை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். சகேயு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, தருகிறேன் என்றார், அதற்கு முன்பே ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அவருக்கு நாற்பது வருஷம் ஆகவில்லை, இயேசு அவர் வீட்டுக்கு வந்த ஒரு விருந்து நேரம் போதுமாயிருந்தது. ஏன் அப்படி என்பதை லூக்கா 19-ஐ வைத்துக்கொண்டு நீங்களே வீட்டில் பேசிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.