பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரையா? முதலில் சித்தியின் காலைப் பற்றிக் கேளுங்கள்!

அக்கா கல்யாணம் வெள்ளிக்கிழமை. பீரியட்ஸும் அன்றைக்கே வரும் போலிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் ஒரு அட்டை மாத்திரை வாங்கி, மூன்று வேளை. நம் வீடுகளில் நடக்காததா என்ன?

அந்த மாத்திரை நோரெதிஸ்டிரோன். 5 மில்லிகிராம் மூன்று வேளை என்று போகும்போது, அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ராடியாலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்! நாம் கேட்காமலே வரும் இலவச இணைப்பு. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் ரத்தம் உறையும் போக்கும் ஏறும். பாடம் அவ்வளவுதான், கொட்டாவி விடாதீர்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்று ஃபேக்டர் 5. வேலை முடிந்ததும் அதை நறுக்கிப் போட ஒரு கத்தரிக்கோல் உண்டு, பெயர் புரதம் சி. அதற்குக் கையாள் புரதம் எஸ். 1993இல் ஸ்வீடனின் மால்மோவில் டால்பேக் என்ற மருத்துவர், ரத்தக்கட்டி அடிக்கடி வரும் குடும்பத்தில் இந்தக் கத்தரி சரியாக வெட்டவில்லை என்று கண்டார். கத்தரி மழுங்கிவிட்டதா? இல்லை! மறு ஆண்டே நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பெர்டினா குழு பிடித்தது: கோளாறு துணியில். ஃபேக்டர் 5இன் 506ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. கத்தரி வாய் வைக்கும் இடமே அதுதான். பரம்பரையாக வரும் இந்த மாற்றத்துக்கு ஃபேக்டர் 5 லெய்டன் என்று பெயர். பாவம், அந்த ஊர் என்ன செய்தது?

அதே ஊரின் 1994 ஆய்வுக் கணக்கைப் பாருங்கள். 10,000 பெண்களில் ஓராண்டில் ரத்தக்கட்டி வருவது, கருத்தடை மாத்திரையும் இல்லை, இந்த மரபு மாற்றமும் இல்லை என்றால் 0.8 பேருக்கு. மாத்திரை மட்டும்: 3. மரபு மட்டும்: 5.7. இரண்டும் சேர்ந்தால்? எட்டு, ஒன்பது என்றுதானே நினைக்கிறீர்கள்? 28.5! ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் அந்தக் கையாள் புரதம் எஸ்ஸையும் குறைத்துவிடுகிறது. துணியும் முரடு, கையாளும் லீவு.

பதறி மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டும் சேர்ந்த 10,000 பேரில்கூட மீதி 9,970 பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இருக்கும் ஆபத்து கருத்தடை மாத்திரையைவிட அதிகம்.

ஐரோப்பியர்களில் சுமார் 5 சதவீதம் பேரிடம் உள்ள லெய்டன் மரபு நம்மிடம் குறைவு. ஆனால் புரதம் சி, எஸ் குறைபாடுகள் இங்கேயும் உண்டு. இவற்றுக்கான டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் குடும்ப வரலாறு அழிந்துவிடாது. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு ரத்தக்கட்டி வந்திருந்தாலே ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பாவும் கணக்கில் உண்டு, அவரை விட்டுவிடுகிறோம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. கமெண்ட்டில் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

என் அம்மாவிடம் கேட்டேன். “நம்ம குடும்பத்துல அதெல்லாம் கிடையாது” என்றார். பத்து நிமிடம் கழித்து அடுப்படியிலிருந்து குரல்: “உங்க சித்திக்கு ரெண்டாவது பிரசவத்துல ஒரு கால் மட்டும் வீங்கி, தினமும் வயித்துல ஊசி போட்டாங்களே, அது சேருமா?”

சேரும்மா.