விளிம்பில் இருக்கிறது விஷயம்

நேயர்களுக்கு வணக்கம். நாணயம் சேர்ப்பவர்களின் ஆல்பத்தில் ராஜா தலை போட்ட காசுகளுக்குப் பஞ்சமே இருக்காது. என் ஆசையெல்லாம் ராஜாவுக்குச் சம்பந்தமில்லாத காசுகள் மீதுதான். பிரிட்டனில் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் அடித்துவிட்ட செப்பு டோக்கன்களைச் சொல்கிறேன்.

1775க்குப் பிறகு அங்கே அரசு நாணயச்சாலை ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குமேல் செப்புக்காசை மறந்தேபோனது. சந்தையில் புழங்கியதில் பெரும்பகுதி கள்ளக்காசு. ஆலைத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கச் சில்லறை வேண்டுமே! 1787இல் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கக் கம்பெனி, தன் செம்பிலேயே பென்னி அடித்து வெளியிட்டது. ஒரு பக்கம் முக்காடிட்ட தாடிக்கார துருயிது, அதாவது பழங்கால பிரிட்டனின் பூசாரி, சுற்றிலும் ஓக் இலை மாலை. மறுபக்கம் ஒரு பென்னி தருவதாக வாக்குறுதி. அதே ஆண்டு இரும்பு ஆலை முதலாளி ஜான் வில்கின்சன் தன் முகத்தையே காசில் போட்டுக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்காகவே அவர் காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

ஆனால் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். காசைக் குத்தாக நிறுத்தி, லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிப் படியுங்கள். பூசாரிக் காசின் விளிம்பில், லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கில்சியில் கேட்டால் பணம் தரப்படும் என்று எழுத்து ஓடும். எங்கே போய் மாற்றலாம் என்ற முகவரி அது. அந்த முகவரி இல்லாத டோக்கனை வாங்கியவன் கதி? கடைக்காரர் மறுத்தால் செம்பு விலைதான்.

1790களில் டோக்கன் சேர்க்கும் மோகம் பிடித்தபோது வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. ஒரு காசின் முகத்தை இன்னொன்றின் முதுகோடு சேர்த்து அடித்தார்கள். விளிம்பு வாசகத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். புழக்கத்துக்கு அல்ல, என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு விற்க! ஆகவே இரு பக்கமும் ஒன்றாக இருந்தும் விளிம்பு வேறுபட்டால் சேகரிப்பாளர்களின் பட்டியலில் தனி வகை, விலையும் தனி.

1797இல் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை, அரசுக்காகக் கனத்த பென்னிகளை நீராவி இயந்திரத்தில் அடித்துத் தந்தது. டோக்கன்கள் ஒதுங்கின, 1811இல் மீண்டும் தலைதூக்கின, 1817இல் வந்த சட்டம் அவற்றைத் தடுத்தது.

வாங்குபவர்களுக்கு இரண்டு சொல்: புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், பழைய செம்பில் ஏறும் அந்தக் கரும்பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பு. விற்பவரிடம் விளிம்பின் படத்தையும் கேளுங்கள்; தயங்கினால் விட்டுவிடுங்கள்.