வயர்லெஸ் மவுஸுக்கு மாறலாமா? முதலில் பழைய மவுஸின் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

காட்சி: கண்ணாடி போட்ட கடை மேஜை. கண்ணாடிக்கு அடியில் காலண்டர் தாள், சாமி படம். மேலே வயர் மவுஸ் ஒன்று, வயர்லெஸ் மவுஸ் ஒன்று.

குரல்:
வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இ-சேவை மையத்திலோ, உரக்கடையிலோ, ஸ்டுடியோவிலோ, பள்ளி லேபிலோ நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு இந்த வீடியோ. மவுஸ் தகராறு செய்ய ஆரம்பித்ததும் "வயர்லெஸ் வாங்கிடலாம்" என்று முடிவு செய்கிறோம். வாங்குவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் செலவிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் தீர்ப்பது வயரால் வரும் தொல்லையை மட்டும்தான். கிளிக் ஸ்விட்ச், சென்சார், சக்கரம் எல்லாம் இரண்டு வகையிலும் கிட்டத்தட்ட ஒரே பாகங்கள். அதில் ஒன்று பழுதாகி நீங்கள் வயர்லெஸ் வாங்கினால், புது மவுஸிலும் அதே நோய் ஒருநாள் வரும். பணம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போயிருக்கும்.

காட்சி: மவுஸின் கழுத்தில், வயர் உள்ளே நுழையும் இடம், நெருக்கத்தில்.

குரல்:
வயர் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடத்தில்தான், மடங்கி மடங்கி. மவுஸை அசைக்காமல் வயரை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். அடியில் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தாலோ, கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கழன்று மாட்டும் சத்தம் கேட்டாலோ வயர்தான் கோளாறு. வளைக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிளக்கைத் தொட்டால் விளக்கு அணைகிறது என்றால் போர்ட் தளர்ந்திருக்கிறது. வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். தளர்ந்த போர்ட்டில் வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை, அதாவது அதன் சிக்னலை வாங்கும் சின்ன யுஎஸ்பி துண்டைச் செருகினாலும் அது கழன்று கழன்றுதான் மாட்டும்.

அடுத்து கிளிக். ஒரு ஃபோல்டர் மேல் ஒரே ஒரு முறை கிளிக் செய்யுங்கள். இரண்டு விநாடி விட்டு மறுபடி ஒன்று. இப்படி ஐம்பது முறை. நடுவில் ஒருமுறை ஃபோல்டர் தானாகத் திறந்தாலும் இடது ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. ஃபைலைப் பிடித்து இழுக்கும்போது பாதி வழியில் நழுவி விழுவதும் இதே காரணம். உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகடு தளர்ந்தோ, தொடும் இடத்தில் ஆக்சைடு படிந்தோ, ஒரு அழுத்தத்தை இரண்டாகச் சொல்கிறது. இதற்கும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருப்பது மூன்று கால் மைக்ரோ ஸ்விட்ச். டிவி ரேடியோ மெக்கானிக் யாரும் கழற்றி மாற்றிவிடுவார். புதிது கிடைக்காவிட்டால், வலது பக்கத்து ஸ்விட்ச் அதே அளவாக இருந்தால், அதையும் இதையும் இடம் மாற்றலாம். வலது பட்டனை நாம் அவ்வளவாக அழுத்துவதில்லை அல்லவா.

வயர் விட்டிருந்தாலும் சரி செய்யலாம். கழுத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மிச்ச வயரை மறுபடி பற்றவைத்தால் போதும். உள்ளே நான்கு கம்பிகள். எந்த நிறம் எந்தப் புள்ளியில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மவுஸிலும் நிறம் ஒரே வரிசையில் இருக்காது.

கர்சர் குதிக்கிறதா? மவுஸைத் திருப்பி சென்சார் துளையைப் பாருங்கள். ரைஸ் மில், நெல் மண்டிப் பக்கம் அறுவடைக் காலத்தில் உமித்தூசி பறக்கும். ஒரு துணுக்கு லென்ஸ் மேல் நின்றாலே கர்சர் ஆடும். காது குடையும் பஞ்சுக்குச்சி போதும், தண்ணீர் வேண்டாம்.

காட்சி: அதே கண்ணாடி மேஜை மேல் மவுஸ் நகர்கிறது, கர்சர் நின்று நின்று தாவுகிறது.

குரல்:
நம் ஊர்க் கடை மேஜைகளில் பாதிக்குப் பாதி கண்ணாடி போட்டது. மவுஸின் சென்சார் ஒரு சின்ன கேமரா. விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து, அடுத்தடுத்த படங்களில் மேஜையின் சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. தெளிந்த கண்ணாடியில் பார்க்க எதுவும் இல்லை. வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதிதான். சாதாரண மவுஸ்பேட் ஒன்று, அல்லது பளபளப்பு இல்லாத ஃபைல் அட்டை ஒன்று போட்டால் தீர்ந்தது. கண்ணாடி மேல் நேராக ஓடும் மவுஸ்களும் உண்டு. லாஜிடெக்கின் டார்க்ஃபீல்ட் சென்சார் அந்த வகை, 4 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணாடி வேண்டும் என்கிறது நிறுவனம். விலை பல மடங்கு. மவுஸ்பேடே போதும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தொல்லை வயர்தான் என்றால் வயர்லெஸ் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். முக்கியமாக நெல் குடோன், உரக்கடை, மளிகைக் கடை. மேஜைக்குப் பின்னால் தொங்கும் வயரை எலி கடித்துவிடுவது அங்கே வருஷா வருஷம் நடப்பது. பள்ளியில் புரொஜெக்டரோடு பாடம் நடத்துகிற ஆசிரியருக்கும் பெரிய வசதி. வகுப்பின் நடுவில் நின்றபடி பக்கம் மாற்றலாம். குறுக்கே ஒன்றும் மறைக்காவிட்டால் எட்டு பத்து மீட்டர் வரை எட்டும்.

கீபோர்டும் மவுஸும் சேர்ந்த செட்டுக்கு ஒரே டாங்கிள்தான். எலித் தொல்லை இருக்கிற இடத்துக்கு அது பொருத்தம். ஆனால் அந்த டாங்கிள் தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகும். விலை குறைந்த வகைகளில் டாங்கிள் அதன் சொந்த மவுஸோடு மட்டுமே பேசும், தனியாக வாங்கவும் முடியாது.

காட்சி: மேஜைக்கு அடியில் சிபியு பெட்டி. பின்பக்கம் டாங்கிள் செருகியிருக்கிறது.

குரல்:
"வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு வேலை செய்கிறது" என்று சொல்லப்படும் புகார்களில் நிறைய இந்தக் காட்சியில் இருக்கின்றன. டாங்கிள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். சிபியு பெட்டி இரும்பு, பல அலுவலகங்களில் மேஜையும் இரும்பு, நடுவில் உங்கள் கால்கள். மனித உடம்பில் இருக்கும் தண்ணீரும் அந்த அலையை விழுங்கும். பின்பக்கத்து டாங்கிளுக்குச் சிக்னல் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடுகிறது. டாங்கிளை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேஜை மேலேயே, மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைப்பது.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கல்யாணப் போட்டோக்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யும்போது மட்டும் மவுஸ் இழுக்கிறதா? நீல நிற நாக்கு உள்ள யுஎஸ்பி 3 போர்ட்டும் அதன் கேபிளும் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இரைச்சலை வெளியே விடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் செருகிய போர்ட்டுக்கு அடுத்த போர்ட்டில் டாங்கிள் இருந்தால் மவுஸின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். டாங்கிளைக் கருப்பு அல்லது வெள்ளை நாக்கு உள்ள யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இருபது சென்டிமீட்டராவது தள்ளிக் கொண்டு போங்கள். வைஃபை ரவுட்டர் மானிட்டர் பக்கத்திலேயே இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைக்க முடிந்தால் நெரிசல் இன்னும் குறையும்.

வேகத்தைப் பற்றி ஒரு பயம் உண்டு, வயர்லெஸ் தாமதமாகும் என்று. சாதாரண வயர் மவுஸ் விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது. சாதாரண டாங்கிள் மவுஸும் அதே அளவில்தான் இருக்கும். பில் போடுவதற்கும் சிட்டா எடுப்பதற்கும் வித்தியாசமே தெரியாது. போட்டோஷாப்பில் முடி ஓரம் வெட்டுகிறவர்கள், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவர்கள் மட்டும் வயரிலேயே இருப்பது நல்லது. வயர்லெஸ் மவுஸ் பேட்டரியை மிச்சப்படுத்தச் சில விநாடிகளில் அரைத்தூக்கம் போடும். அசைத்ததும் எழும் அந்தக் கணத்தில் கர்சர் ஒரு சிறு தாவல் தாவலாம். நுணுக்க வேலையில் அது எரிச்சல்.

காட்சி: மவுஸின் வயிற்றுப் பக்கம் திறந்திருக்கிறது. ஸ்பிரிங் மேல் வெள்ளைப் பூப்போல உப்பு.

குரல்:
வயர்லெஸ் மவுஸைக் கொல்வதில் இதற்கு முதல் இடம் கொடுக்கலாம். பெரும்பாலான மவுஸ்களுக்குச் சுவர்க் கடிகாரத்தில் போடும் அதே ஏஏ செல் ஒன்று போதும். பெட்டியில் பன்னிரண்டு மாதம் வரும் என்று போட்டிருக்கும். ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடும் கடையில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

கடிகாரத்துக்கு வாங்கும் விலை குறைந்த கார்பன் துத்தநாக செல்லை மவுஸில் போடாதீர்கள். அந்த செல்லின் வெளிக்கூடே துத்தநாகம்தான். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரைகிறது. கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது வழிகிறது. ஆல்கலைன் செல் அதைவிட நல்லது, ஆனால் அதுவும் முழுக்கத் தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் வாயு சேர்ந்து அடைப்பு விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். அது காற்றோடு சேர்ந்து உலர்ந்ததுதான் இந்த வெள்ளை உப்பு. வெயிலில் இது சீக்கிரம் நடக்கும். ஏப்ரல், மே விடுமுறைக்குப் பூட்டும் பள்ளி லேபில் ஒவ்வொரு மவுஸிலிருந்தும் செல்லைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் பூட்டுங்கள். ஜூன் மாதம் திறக்கும்போது பாதி மவுஸ் செத்திருப்பதைத் தவிர்க்கலாம்.

கசிந்துவிட்டால் செல்லைத் தாளால் பிடித்து எடுங்கள், வெறும் விரல் வேண்டாம். ஆல்கலைன் கசிவு காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. மறுநாள் வரை திறந்து காயவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் உப்பு இருப்பதால் செல் கசியாமலேயே ஸ்பிரிங் பச்சை பூக்கும். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து துடைப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

ரீசார்ஜ் செல் போடலாமா? போடலாம். அது 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் தரும். பெரும்பாலான மவுஸ் ஓடும், "பேட்டரி குறைவு" விளக்கு மட்டும் முன்கூட்டியே எரியலாம். ஆனால் பழைய வகை ரீசார்ஜ் செல் சும்மா இருக்கும்போதே மாதா மாதம் சார்ஜை இழக்கும். மவுஸ் மாதக்கணக்கில் துளித்துளியாகக் குடிப்பது. எனவே சார்ஜ் ஏற்றியே விற்கும், சார்ஜை நெடுநாள் வைத்திருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்த மவுஸ் என்றால் சார்ஜ் துளை முன்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் மேஜிக் மவுஸ் 2-ல் துளை அடிவயிற்றில் இருக்கும், சார்ஜ் ஏறும்வரை வேலை செய்ய முடியாது.

மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு ஒன்று. ஆல்கலைன் ஏஏ செல்லின் எடை மட்டும் சுமார் 23 கிராம். கையில் அது தெரியும். ஏஏஏ செல்லை ஏஏ இடத்தில் பொருத்தும் பிளாஸ்டிக் கூடு கிடைக்கிறது. எடை பாதியாகும், ஓடும் காலமும் அதற்கேற்பக் குறையும்.

காட்சி: இரண்டு பெட்டிகள். ஒன்றில் டாங்கிள் படம், மற்றதில் புளூடூத் குறி.

குரல்:
டாங்கிளா புளூடூத்தா? உங்களிடம் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டர் இருந்தால் டாங்கிள்தான். இப்போது வரும் புளூடூத் மவுஸ்களில் பெரும்பாலானவை பயன்படுத்தும் குறைமின் புளூடூத்தை விண்டோஸ் 8-லிருந்துதான் விண்டோஸே நேரடியாகப் புரிந்துகொள்கிறது. டெஸ்க்டாப்களில் பலவற்றில் புளூடூத் வசதியே கிடையாது. லேப்டாப்பில் இரண்டே யுஎஸ்பி போர்ட், ஒன்றில் கைரேகைக் கருவி, மற்றதில் பிரிண்டர் என்றால் புளூடூத் வாங்குங்கள்.

இ-சேவை மையம், கூட்டுறவு கடன் சங்கம் போன்ற இடங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல பெரிய நிறுவனங்களின் டாங்கிள்கள் மவுஸ் போல நடித்து வரும் கீபோர்ட் தகவலையும் ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். மவுஸ்ஜாக் என்று அதற்குப் பெயர். நூறு மீட்டர் தூரத்திலிருந்துகூட உங்கள் கம்ப்யூட்டரில் யாரோ தட்டச்சு செய்ய முடியும் என்பதே அதன் பொருள். புளூடூத் மவுஸ்களுக்கு இந்த ஓட்டை பொருந்தாது. ஆதாரும் பணமும் புழங்கும் கம்ப்யூட்டரில் வயர் மவுஸே இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. எலித் தொல்லையால் வேறு வழியில்லை என்றால் புளூடூத். பெயர் தெரியாத டாங்கிள் மவுஸை அங்கே செருகாதீர்கள்.

காட்சி: கடையில் பெட்டி பிரிக்கப்படுகிறது.

குரல்:
கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். டாங்கிள் பெரும்பாலும் செல் போடும் இடத்துக்குள் ஒளிந்திருக்கும், பயணத்தில் திரும்ப அங்கேயே வைக்கப் பள்ளம் இருக்க வேண்டும். அடியில் ஆன் ஆஃப் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகும்போது ஸ்விட்ச் இல்லாத மவுஸ் அசைந்து அசைந்து விழித்துக்கொண்டே செல்லைத் தின்னும். டிபிஐ, அதாவது மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை புள்ளி கணக்கிடும் என்ற எண், 1000 இருந்தாலே நம் திரைகளுக்குப் போதும், பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய வயர் மவுஸ் வேலை செய்கிறதென்றால் மேஜை இழுப்பறையில் வைத்திருங்கள், கழுத்து மடங்காமல் வயரைப் பெரிய வளையமாகச் சுற்றி. விண்டோஸை மறுபடி ஏற்றும்போது புளூடூத் மவுஸ் வேலை செய்யாது, அப்போது இது வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பரில், வாசல் வரை வரிசை நிற்கும்போது செல் தீர்ந்தாலும் இதுதான் கைகொடுக்கும். அந்த மாதம் பிறப்பதற்கு முன்பே புது ஆல்கலைன் செல் ஒன்றும் வாங்கி அதே இழுப்பறையில் போட்டு வையுங்கள்.