தொங்குபாய் அல்ல, ஹமாக்கா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டப்படும் வலைப்படுக்கையை நாம் ஹேமக் என்கிறோம். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தாலும், அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் கரீபியக் கடலின் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்கள். அவர்கள் அதை ‘ஹமாக்கா’ என்றார்கள்.

1492 அக்டோபர் 17 அன்று, இன்றைய பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில் இருந்த கொலம்பஸ், அங்குள்ளோரின் படுக்கைகள் பருத்தி வலைகளைப் போல இருந்தன என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அந்தக் குறிப்பில் ஒப்புமைதான் இருக்கிறது, பெயர் இல்லை. 1535இல் ஒவியேதோ என்னும் ஸ்பானிய வரலாற்றாசிரியர் பெயரைச் சொல்லி, படத்தையும் சேர்த்து அச்சிட்டார். ஈரமும் பூச்சியும் நிறைந்த தரையிலிருந்து உடலை உயர்த்தி, எல்லாப் பக்கமும் காற்றுபட வைத்து, வேண்டாதபோது சுருட்டி எடுத்துக்கொள்ள முடிந்த அந்தப் படுக்கையின் அருமையை மாலுமிகள் விரைவில் உணர்ந்தார்கள். கப்பல் சாயும்போது அதுவும் உடன் அசைவதால், உறங்குபவர் உருண்டு விழுவதில்லை.

சொல்லும் கப்பலேறியது. பிரெஞ்சு மொழியில் அது ‘அமாக்’ ஆனது. டச்சுக்காரர்களின் செவியிலோ அது ‘ஹாங்மாட்’ என்று விழுந்தது. அவர்கள் மொழியில் ‘ஹாங்’ என்றால் தொங்கு, ‘மாட்’ என்றால் பாய். பொருளும் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால், அது அவர்கள் மொழியிலேயே பிறந்த கூட்டுச்சொல்லைப் போன்ற தோற்றம் பெற்றது. ஜெர்மானியரின் சொல்லும் அதே வடிவில் அமைந்தது. பொருத்தம் என்னவோ அழகானதுதான். ஆயினும் ஒரு மக்களின் சொல்லுக்குப் பிறர் தம் மொழியிலேயே வேர் கற்பித்துவிடும்போது, அதை ஆக்கியவர்களின் தடமே மறைந்துபோகிறதே என்று நான் வருந்துகிறேன். போர்ச்சுகீசியர் பிரேசிலில் அதே வகைப் படுக்கையைக் கண்டபோது, வலை என்று பொருள்படும் தம் சொல்லையே அதற்கு வைத்தார்கள். அங்கே அயற்சொல் நுழையவே இல்லை.

வருந்துவதற்குக் காரணம் உண்டு. தங்கச் சுரங்கங்களின் கட்டாய உழைப்பாலும், 1518இல் பரவிய பெரியம்மையாலும், தாயினோ மக்கள் சில பத்தாண்டுகளுக்குள் பெருமளவில் அழிந்தார்கள். அவர்களுடைய மொழி பேச்சிலிருந்து மறைந்தது. அவர்கள் வழிவந்தவர்கள் தீவுகளில் இன்றும் இருக்கிறார்கள். சொற்களில் சிலவும் பிழைத்தன. நம் சந்தையில் கூவி விற்கப்படும் கொய்யாவின் பெயரும் அந்தத் தீவுகளின் பக்கமிருந்து ஸ்பானியம், போர்ச்சுகீசியம் வழியாக நம்மை வந்தடைந்ததே.

அந்தத் தீவுகளில் ஒன்றான போர்ட்டோ ரிக்கோவில் முற்றத்து வலைப்படுக்கையை இன்றும் அந்தப் பழம்பெயராலேயே அழைக்கிறார்கள். ஸ்பானிய நாவில் முதலொலி மட்டும் கரைந்துவிட, அது ‘அமாக்கா’ என்று ஒலிக்கிறது.