நுனியை எங்க ஒளிக்கிறது?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. கைவேலையப் பத்தி ஒரு கால் மணி நேரம் ரேடியோவுல பேசுங்கன்னு கூப்பிட்டப்போ எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா நான் க்ளாஸ் எடுக்கும்போது வாயே தெறக்க மாட்டேன், கையத்தான் காட்டுவேன், "இத பாரு, இப்படி"ன்னு சொன்னாலே பாதி பாடம் முடிஞ்சிடும். இங்க என் கையப் பாக்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற தம்பி ஒருத்தர்தான் இருக்காரு. அதனால நீங்க கேட்டுக்கிட்டே ஒரு பழைய வளையலக் கையில எடுத்து வச்சுக்குங்க, அடுப்புல ஏதாவது இருந்தா சிம்ல வச்சிடுங்க.

நான் பொறந்தது நாகர்கோவில் பக்கம், வாக்கப்பட்டது திருச்சி. வீட்டு ஹால்லயே சாயங்காலம் நாலஞ்சு பேருக்கு சொல்லிக் குடுக்குறேன். புதுசா வர்றவங்க எல்லாருமே ஒரு பை நிறைய சாமான் வாங்கிட்டுத்தான் வருவாங்க, குந்தன் கல்லு, ஜரிகை, சின்னச் சின்ன உருண்டையா கோத்த பால் செயின், ஜிமிக்கி மோல்டு, பத்து கலர் நூலு, பசை துப்பாக்கி வேற. அதையெல்லாம் வாங்கி ஒரு ஓரமா வச்சிட்டு, நான் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நுனியை எங்க ஒளிப்ப? அவங்களுக்கு புரியாது. சில்க் த்ரெட் சுத்தின வளையலாகட்டும், கொக்கி ஊசியால பின்ற குரோஷாவாகட்டும், ஒயர் கூடையாகட்டும், நடுவுல பின்றதுங்கிறது யாருக்கும் ரெண்டு நாள்ல வந்துடும், ஆரம்பிச்ச நுனியும் முடிச்ச நுனியும் எங்க போச்சுன்னு தெரியாம செய்யுறதுதான் வேல. நான் யாராவது செஞ்ச பொருள கையில குடுத்தா முன்பக்கம் பாக்கவே மாட்டேன், திருப்பித்தான் பாப்பேன். இதனாலயே எங்க சொந்தத்துல என்கிட்ட காட்ட பயப்படுவாங்க!

சரி வளையலுக்கு வருவோம். கடையில வளையல் சைஸ் ரெண்டு-நாலு, ரெண்டு-ஆறு, ரெண்டு-எட்டுன்னு சொல்றாங்கல்ல, அது என்ன கணக்குன்னு நான் ரொம்ப வருஷம் யோசிச்சதே இல்ல. ரெண்டு-நாலுன்னா ரெண்டு இஞ்சுக்கு மேல 16ல 4 பங்கு, அதாவது உள்விட்டம் ரெண்டேகால் இஞ்ச், ரெண்டு-எட்டுன்னா ரெண்டரை இஞ்ச், அவ்வளவுதான். நூல் சுத்தினா வளையலோட உள்பக்கம் கொஞ்சம் இறுகிடும், அதனால இப்பவே கைய நசுக்கித்தான் போடுறேங்கிறவங்க ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்குங்க.

நூல் ஒண்ணொண்ணா சுத்தக் கூடாது, விடிஞ்சிடும். ஒரு ஸ்டூல கவுத்துப் போட்டு அதோட ரெண்டு கால சேத்து 20, 25 சுத்து சுத்துங்க, ஒரு இடத்துல வெட்டுங்க, 20 இழை ஒண்ணா சேந்த ஒரு கத்தை கிடைச்சிடும். அத ஈரக் கையால ஒரு தடவ நீவி விட்டா ரிப்பன் மாதிரி படுத்துக்கும். இப்போ வளையலோட உள்பக்கத்துல, கவனமா கேளுங்க உள்பக்கத்துல, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ஃபேப்ரிக் பசை தடவி நூலோட நுனியை அங்க ஒட்டுங்க, ரெண்டு நிமிஷம் பிடிங்க. அப்புறம் சுத்த ஆரம்பிங்க. கத்தை முறுக்கிக்கவே கூடாது, முறுக்கினா அந்த இடத்துல பளபளப்பு செத்துடும், வெளிச்சத்துல பாத்தா திட்டுத் திட்டா தெரியும். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்த ஒரு நூலளவு ஏறி உக்காரணும், இடைவெளி விட்டா உள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்லக் காட்டும். நூல் பாதியில தீந்துபோச்சுன்னா பதறாதீங்க, மறுபடி உள்பக்கம் பசை, புது கத்தை, தொடருங்க. முடிக்கிறதும் உள்பக்கம்தான். ஒட்டின இடத்த நகத்தால அழுத்தித் தேச்சு விட்டு, பத்து நிமிஷம் ஒரு துணி க்ளிப் மாட்டி வச்சிட்டா அது எங்க முடிஞ்சதுன்னு செஞ்ச நமக்கே தெரியாது.

சில்க்னு பேரே தவிர, கடையில கிடைக்கிறதுல பெரும்பாலும் ரேயான்தான். ரேயானுக்கு ஒரு குணம், தண்ணி பட்டா பலம் கொறஞ்சிடும். அதனால இத போட்டுக்கிட்டு பாத்திரம் வெளக்காதீங்க, குளிக்காதீங்க, வேர்க்கிற நாள்ல பஸ்ல கம்பிய பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க... அது நம்ம கையில இல்லைங்க, சரி விடுங்க. ஜிமிக்கி செய்யுறவங்களுக்கு ஒரு வார்த்தை, மோல்டுக்கு நூல் அழகா சுத்திட்டு மாட்டுற கொக்கிய மட்டும் மலிவா வாங்குறீங்க, அதுல நிக்கல் இருந்தா சில பேருக்கு காது அரிச்சு புண்ணாயிடும். கொக்கி மட்டும் வெள்ளியோ சர்ஜிக்கல் ஸ்டீலோ வாங்குங்க, மீதி எதுல வேணா மிச்சம் பிடிங்க.

அடுத்து ஊசி நூல் வேலை. எங்க ஊர்ப்பக்கம் இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1819ல லண்டன் மிஷன் சங்கத்துல இருந்து நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரோட மனைவி மார்த்தா மால்ட் அங்க பொண்ணுங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக் குடுத்தாங்க. அவங்க மக எலைசா, கால்டுவெல்ல 1844ல கல்யாணம் பண்ணி திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்குப் போனப்போ அந்த லேஸும் கூடவே போச்சு. நம்ம எல்லாருக்கும் கால்டுவெல்னா மொழி ஆராய்ச்சிதான் ஞாபகம் வரும், எனக்கு அந்தம்மாவோட லேஸ் ஞாபகம் வரும். அது குரோஷா இல்லைங்க, ஒரு திண்டு மேல குண்டூசியா குத்தி வச்சு, நூல் சுத்தின சின்னச் சின்னக் கட்டைகள இங்கயும் அங்கயும் மாத்தி மாத்தி போட்டு பின்றது. எங்க அத்தை ஒருத்தங்க செய்வாங்க, கட்டை ஒண்ணோட ஒண்ணு மோதுற அந்த டொக் டொக் சத்தம் மத்தியானத் தூக்கத்துல கேட்டுக்கிட்டே இருக்கும். எனக்கு அந்தப் பொறுமை வரல, நான் குரோஷா ஊசிக்கு வந்துட்டேன்.

ரெண்டு ஊசில பின்றதுக்கும் குரோஷாவுக்கும் என்ன வித்தியாசம்னு நெறைய பேர் கேக்குறாங்க. உங்க வீட்டுக்காரரோட பனியன எடுத்துப் பாருங்க, திருப்பூர்ல மெஷின்ல ஓட்டுறது அந்த ரெண்டு ஊசிப் பின்னலோட ஜாதிதான், அதனாலதான் பின்னலாடைங்கிறோம். அதுல ஒரு வரிசைல இருக்கிற அத்தன கண்ணியும் ஒரே நேரத்துல ஊசி மேல உயிரோட நிக்கும், ஒண்ணு நழுவுச்சுன்னா ஏணி மாதிரி கீழ வரைக்கும் இறங்கிடும். குரோஷால எந்த நேரத்துலயும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில இருக்கும், குழந்த அழுதா அந்த ஒரு கண்ணிய கொஞ்சம் பெரிசா இழுத்து விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டு வரலாம். வீட்டு வேலைக்கு நடுவுல செய்யுறவங்களுக்கு அதான் தோதுன்னு நான் சொல்லுவேன், நிட்டிங் பண்றவங்க என் மேல கோவப்படாதீங்க. ஊட்டி கொடைக்கானல்ல இருக்கிறவங்க ஸ்வெட்டர் பின்னுங்க, திருச்சி வெயில்ல யாருக்குங்க ஸ்வெட்டர்?

முதல்ல ஒரு டம்ளர் வைக்கிற வட்டம் போடுங்க. நூல் காட்டன் நூலா இருக்கட்டும், ஏன்னா உல்லன்னு கேட்டா கடையில குடுக்குறது முக்காவாசி அக்ரிலிக், சூடான பாத்திரத்த வச்சா இளகிடும். நடுவுல ஒரு வளையம், அதுல 12 நெட்டைத் தையல், அதாவது ஊசில நூல ஒரு தடவ சுத்திக்கிட்டு உயரமா போடுறது, அடுத்த சுத்துல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு, 24 ஆச்சு, அடுத்த சுத்து 36, இப்படி சுத்துக்கு 12 கூடிட்டே போனா வட்டம் தட்டையா படுக்கும். கூட்டுறது கொறஞ்சா ஓரம் தூக்கி கிண்ணமாயிடும், அதிகமானா அப்பளம் மாதிரி நெளியும். நூல சுத்தாம போடுற குட்டைத் தையல்னா சுத்துக்கு 6 போதும்.

இதுல நான் பட்ட அவஸ்தைய சொல்லணும். பிரிட்டிஷ்காரங்க புத்தகத்துல டபுள்னு எழுதினா அது குட்டைத் தையல், அதையே அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்வாங்க, அவங்க டபுள்ங்கிறது நெட்டைத் தையல். நான் வீடியோ பாத்து அமெரிக்கப் பேர மனப்பாடம் பண்ணி வச்சிட்டு, பழைய பிரிட்டிஷ் புத்தகம் ஒண்ண பாத்து டீப்பாய்க்கு விரிப்பு போட ஆரம்பிச்சேன், அதுல டபுள் சுத்துக்கு 6ன்னு போட்டிருந்துச்சு, நான் நெட்டையா போட்டுட்டே போறேன், எட்டாவது சுத்துல பாத்தா கையில தொப்பி! நாலு நாள் வேல. பிரிக்க மனசு வரல, இப்போ எங்க வீட்டு மாவடு ஜாடிக்கு அதான் மூடி.

குரோஷால நுனின்னா, முடிச்சதும் நூல ஒட்ட வெட்டாதீங்க, ஒரு சாண் விடுங்க. அத மொண்ணை ஊசில கோத்து பின்பக்கமா நாலஞ்சு தையலுக்குள்ள நுழைச்சு, அப்படியே திரும்பி வந்த வழியில ஒரு தையல தாண்டி மறுபடி நுழைங்க. முடிச்சு போடாதீங்க, முடிச்சு துவைக்கத் துவைக்க வெளிய எட்டிப் பாக்கும், திரும்பி வந்த நூல் எங்கயும் போகாது.

ஒயர் கூடைக்கு நேரம் பத்தாது, இருந்தாலும் சொல்லாம விட மனசில்ல. 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம மாநிலத்துல ஒரு தடவ தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தடை வந்துச்சுல்ல, அப்புறம்தான் பரண்ல கிடந்த அம்மா காலத்து கூடைங்க எல்லாம் எங்க தெருவுல கீழ இறங்கி வந்துச்சு. சாதா முடிச்சு, சிவன் கண்ணு, நெல்லிக்காய்னு முடிச்சுங்களுக்குப் பேரே அழகு. புதுசா போடுறவங்க சாதா முடிச்சுல சின்னதா பூக்கூடை ஒண்ணு போடுங்க, சிவன் கண்ணெல்லாம் அப்புறம். கூடையோட நுனி விவகாரம் வாய்ப்பக்கம்தான், மீந்த ஒயர உள்பக்கமா மடக்கி கீழ இருக்கிற மூணு முடிச்சுக்குள்ளயாவது இறக்கணும், ஒண்ணோட வெட்டி விட்டா அது கத்தி மாதிரி நின்னுக்கிட்டு காய எடுக்கிற கைய கிழிக்கும்.

நான் ஒரு தடவ பத்து கூடை போட்டு ஒரு கடைக்கு குடுத்தேன், எந்தக் கடைன்னு கேக்காதீங்க. ஒரு கூடைக்கு எனக்கு மூணு சாயங்காலம் ஆச்சு. கடைக்கார அம்மா கூடைய திருப்பிக்கூட பாக்கல, "ஒயர் காசுக்கு மேல என்னங்க குடுக்குறது, சும்மா வீட்ல இருக்கும்போது போட்டதுதானே"ன்னாங்க. நானும் அப்போ தலையாட்டிட்டு வந்துட்டேன், அந்தக் கோவம் இன்னும் இருக்கு. இப்போ எங்க க்ளாஸ்ல செய்யுற ஒவ்வொருத்தரும் ஆரம்பிச்ச நேரம் முடிச்ச நேரம் ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதணும், விக்கிறீங்களோ இல்லையோ எழுதணும். எழுதி வச்சிட்டா "சும்மா போட்டது"ன்னு யாராவது சொல்லும்போது வாய் தானா தெறக்கும்.

கடைசியா காசே செலவில்லாத ஒண்ணு. பழைய காட்டன் சேலைல வாசல்ல போடுற மிதியடி. சேலை நீளம் அஞ்சரை மீட்டர், முந்தானைப் பக்கம் ரெண்டு இஞ்சுக்கு ஒரு வெட்டு குடுத்துட்டு கையால இழுத்தா சர்ர்ருனு நேரா கிழிஞ்சிட்டே போகும், கத்திரியே வேண்டாம், அந்த சத்தமே ஒரு சொகம். ஒரு சேலைல இருபதுக்கு மேல பட்டை வரும், எல்லாத்தையும் சேத்தா நூறு மீட்டருக்கு மேல. ரெண்டு பட்டைய சேக்க முடிச்சு போடாதீங்க, மிதிக்கும்போது கால்ல குத்தும். ரெண்டு நுனியிலயும் பட்டன் துளை மாதிரி ஒரு கீறல் போட்டு, ஒண்ணு மேல ஒண்ண வச்சு, புதுப் பட்டையோட வால அந்த ரெண்டு துளைக்குள்ளயும் விட்டு இழுத்தா தானா பூட்டிக்கும். மூணு பட்டைய ஜடை பின்ற மாதிரி பின்னுங்க, இதுக்கு நான் எதுக்கு, உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேல. அந்த ஜடைய முறுக்கு சுத்துற மாதிரி தரையில வச்சே சுத்தி ஓரத்த தைங்க. மடியில வச்சு தைச்சா இழுத்துடுவீங்க, வட்டம் கிண்ணமாயிடும், பழைய கதைதான்.

கிழிக்கிறதுக்கு முன்னாடி அது யார் சேலைன்னு மட்டும் கேட்டுக்குங்க. நான் பீரோவுக்கு அடியில இருந்து எடுத்துக் கிழிச்ச சாயம் போன சுங்குடி சேலை, எங்க மாமியாருக்கு அவங்க முதல் தீபாவளிக்கு எங்க மாமனார் எடுத்துக் குடுத்ததாம். அவங்க ஒண்ணும் திட்டல, பின்னி முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. வாசல்ல போடப் போனேன், "யாரும் மிதிக்கக் கூடாது"ன்னு வாங்கிக்கிட்டாங்க. இப்போ அது அவங்க சேர்ல கிடக்கு, வேற யாரையும் உக்கார விடுறதில்ல, நானே துவைக்கணும்னா அவங்க கோயிலுக்குப் போற நேரம் பாத்துத்தான் எடுக்குறேன்.

வணக்கம்ங்க.